நான்காவது இணைப்பு

ஒன்பது ஊர்ப் பிள்ளைகள் வந்து படிக்கும் அந்தத் தொழிற்கல்விப் பள்ளியின் குழாய்ப் பட்டறைக்குள், நான்காக மடித்த படிவத்தோடு மேடையம்மா நுழைந்தாள். ஊழியர் சங்கம் அவளுக்கு இட்ட பெயர் அது. ஒலிபெருக்கி இல்லாமலே மூன்றாம் தெருவுக்குக் கேட்கும் குரல். அதிகாரிகளின் நாற்காலியையே ஆட்டிப் பார்த்த குரல். உழைக்கும் கைகளில் உயர்ந்த கை ஏது, தாழ்ந்த கை ஏது என்று முழங்கி முழங்கியே இருபது ஆண்டுகள் கைதட்டல் வாங்கியவள். அவள் பெற்ற மகளோ மரவேலை, மின்வேலை, அச்சு, சமையல் என்று வாரத்துக்கொரு பட்டறையாகச் சுற்றிவிட்டு வந்து, "எனக்குக் குழாய் வேலைதான்" என்று படிவத்தை நீட்டினாள். மேடையம்மா கையெழுத்துப் போடாமல் அதை நான்காக மடித்து வைத்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. இருபது வயதுவரை விடுதிகளில் கழிவறை கழுவியவள் அவள். அந்த வாளியிலிருந்து அலுவலக நாற்காலிக்கு அவள் ஏறி வந்த படிகள் கொஞ்சமா? தான் ஏறிய ஏணியில் தன் மகளே மறுபடி கழிவறைக் குழாய்க்கு இறங்குவதா?

அதனால் முந்தின நாள் ஒரு பந்தயம் கட்டினாள். "நாளைக்குத் தண்ணி விட்டுப் பாக்குறாங்கல்ல, நானும் வர்றேன். ஒழுகலைன்னா கையெழுத்துப் போடுறேன். ஒழுகிச்சுன்னா, வாயைத் திறக்காம ஆபீஸ் படிப்புல சேந்துடணும்."

"சரிம்மா" என்றாள் மகள். படிவத்தை மறுநாள் மாலை பள்ளி மணி அடிப்பதற்குள் கொடுத்தாக வேண்டும்.

பட்டறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரச்சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் அவரவர் பூட்டிய ஆறு குழாய் இணைப்புகள். குழாய் வாத்தியார் சாக்பீஸ் துண்டுகளை விநியோகித்தார்.

"எது ஒழுகும்னு உங்களுக்கே சந்தேகமோ, அதுல ஒரு கோடு போடுங்க. அதுல மட்டும் காகிதம் சுத்திக் கால் மணி நேரம் பாப்பேன். மத்ததை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுவேன். கோட்டுக்குக் கீழ ஒழுகினா, கழட்டி மறுபடி பண்ணலாம். கோடில்லாத இடத்துல என் கண் முன்னாடி ஒழுகிச்சோ, வேற பட்டறை பாத்துக்குங்க."

பக்கத்துச் சட்டத்துக்காரி ஆறிலும் கோடு இழுத்தாள்.

"ஏம்மா, குழாய் மாட்டச் சொன்னேனா, வெள்ளையடிக்கச் சொன்னேனா?" என்றார் வாத்தியார். பட்டறை சிரித்தது.

மகளின் விரல் ஒவ்வோர் இணைப்பாகத் தடவிச் சென்று நான்காவதில் நின்றது. நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பிறகு கோடு போட்டாள்.

தண்ணீர் திறக்கப்பட்டது. எதுவும் சொட்டவில்லை. கால் மணி கழித்து வாத்தியார் காகிதத்தைப் பிரித்தார். நடுவில் நகமளவு ஈரம்.

"இது கண்ணுக்கே தெரியாத ஒழுக்கு. கோடு இல்லைன்னா நானே தாண்டிப் போயிருப்பேன். ஏய் பீச்சாங்கை, ஒழுகாம இருக்க மரைமேல சுத்துற நாடாவை எந்தப் பக்கமா சுத்தினே?"

"என் பக்கமா, சார். அவசரத்துல கை தானா அப்படிப் போயிடுச்சு. மரையை முறுக்க முறுக்க உள்ள நாடா பிரியறது விரலுக்கே தெரிஞ்சது. அதுக்குள்ள நேரம் முடிஞ்சுது, கையை எடுன்னுட்டீங்க."

அந்த இடக்கையைக் கட்டிவைத்து எழுதச் சொன்ன ஆசிரியையை ஒரு காலத்தில் நடுக்கூடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டவள் மேடையம்மா. இப்போது அதே கை அவளுக்கு வெற்றி தேடித் தந்திருந்தது. வெற்றி ஏனோ இனிக்கவில்லை.

"தெரிஞ்சே எதுக்குடி கோடு போட்டே? பந்தயம் மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா. நான் பேசாம இருந்தா மட்டும் ஒழுகாம இருக்குமா? நாளைக்கு இது யார் வீட்டுச் சுவத்துக்குள்ள இருக்குமோ. சரி விடு, ஆபீஸ் படிப்புலயே சேந்துக்கறேன்."

தன் மேடைப் பேச்சில் வலுவில்லாத இடம் எது என்பது மேடையம்மாவுக்கும் எப்போதும் தெரியும். அந்த இடம் வரும்போது குரலை உயர்த்திவிடுவாள். கைதட்டலில் அது மறைந்துபோகும். உயர்ந்த கை ஏது, தாழ்ந்த கை ஏது என்ற இடத்தில்தான் அவள் குரல் எப்போதும் உச்சத்துக்குப் போகும்.

"கழட்டு" என்றாள். மகளுக்கு மட்டுமே கேட்ட குரல்.

"எதை?"

"நாலாவதை. பிரிச்சு மறுபடி சுத்து."

"மணி அடிக்கப் போகுதும்மா" என்றார், பந்தயத்தை முன்பே மகள் வாயால் கேட்டிருந்த வாத்தியார். "சுத்தி முடிச்சு, தண்ணி விட்டு, ஒழுகலைன்னு தெரிஞ்ச பிறகுதானே நீங்க கையெழுத்து..."

"நீங்க நிதானமாத் தண்ணி விடுங்க சார். பேனா இருக்கா?"

மகள் மரையைத் துடைத்து, பழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, இடக்கையாலேயே, நாடாவைச் சுற்றுச் சுற்றாக இழுத்துச் சுற்றினாள். மேடையம்மா படிவத்தை மேசைமேல் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

வாத்தியார் மறுபடி தண்ணீரைத் திறக்கும்போது கையெழுத்து காய்ந்துவிட்டிருந்தது.