பழசும் இருக்கட்டும்

என் கணவர் ஸ்ரீநிவாஸ் எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார். ஸ்ரீவராகத்தில், எங்கள் தெருவில், இது எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் தாலி ஏறிய பிறகு தெரிந்தது.

ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டேன். அவர் போன பிறகு எந்தக் கம்பெனியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு கம்பெனி, இடையில் வேலையை விட்ட பெண்களுக்கென்று பரீட்சை வைத்தது. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் ஒரே தடவைதான். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு அடுத்த மாதம் நாற்பது. கம்ப்யூட்டரில் எட்டு ஜிபி ராம் மெமரி வேண்டும். எங்கள் டெஸ்க்டாப்பில் இருந்தது நாலு.

என் கணவர் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் எட்டு ஜிபி மெமரி ஸ்டிக் ஒன்று வாங்கி வந்தார். அதுவே எனக்கு ஆச்சரியம். பழையதைக் கழற்றிவிடச் சொன்னேன்.

"நன்னா ஓடிண்டிருக்கறத எதுக்குக் கழட்டணும்? எட்டும் நாலும் பன்னெண்டாச்சு, கேட்டியோ."

"ரெண்டும் வேற வேற கம்பெனி, வேற வேற ஸ்பீடு. ஒத்துப்போனா போகும், இல்லேன்னா நடுவுல நின்னுடும். புதுசு ஒண்ணே போறும்."

"பழசும் இருக்கட்டும். அது என்ன சோறா கேக்கறது?"

இரண்டையும் சேர்த்துப் போட்டார். ஓடியது. திரையில் பன்னிரண்டு என்று வந்ததும் தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தார். அப்புறமும் ஒரு கோளாறும் இல்லாததால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பரீட்சையில் எல்லாம் தெரிந்த கேள்விகள். இத்தனை வருஷம் கரண்டி பிடித்த கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. பாதிக்கு மேல் எழுதியிருப்பேன், திரை நீலமாகி நின்றது. பிறகு தானாக அணைந்து எழுந்தது. மறுபடி உள்ளே போனால், உங்கள் தேர்வு முடிந்தது என்று ஒரு வரி. கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"ஸாரி சேச்சி, ஒரு சான்ஸே உள்ளூ" என்று மலையாளத்தில் சொன்னாள் ஒரு பெண், மெதுவாக. ஒரே ஒரு வாய்ப்புதானாம்.

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து பழைய ஸ்டிக்கைக் கழற்றினார். துணியால் துடைத்து, "யாருக்காவது ஆகும்" என்று அலமாரியில் வைத்தார். அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நின்றதில்லை. சாயங்காலம் அவர் அதில் கிரிக்கெட் பார்க்கிறார். நேற்று காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன்.

"வேணி, இப்ப எத்தனை வேகமா ஓடறது பாத்தியோ?"

வேகமாகத்தான் ஓடியது. எனக்குத்தான் இனிமேல் அதில் ஒரு வேலையும் இல்லை.