பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விடும்

...அனுப்பியிருக்கலாம், ஏன், இப்போதுகூட அனுப்பலாம், வண்டியை ஓரங்கட்டி, ரெயின்கோட்டுக்குள் கையை விட்டு, பால் கவரில் சுற்றி வைத்திருக்கும் போனை எடுத்து நாலு பொத்தானை அமுக்கினால் சுப்ரஜாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், இது என்ன மலையைப் புரட்டுகிற காரியமா, கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகின வேலைதானே... முகுந்தன் ஓரங்கட்டவில்லை. ஆகுர்டியில் கம்பெனி கேட்டைத் தாண்டினதிலிருந்து இதே நினைப்பு, சிஞ்ச்வாடில் அனுப்பலாம், பிம்ப்ரி சிக்னலில் அனுப்பலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டு, பிம்ப்ரியில் பச்சை விழுந்து, பின்னால் டெம்போக்காரன் ஹாரனை அழுத்தி, அந்த இடமும் போய்விட்டது. மழையென்றால் அப்படியொரு மழை, ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க வழிகிறது. கனமழை காரணமாகப் பள்ளி இன்று பன்னிரண்டு மணிக்கு விடும், பஸ் ஓடாது, பெற்றோர் நேரில் வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லவும்... இங்கிலீஷில் மூன்றே வரி. அது வந்தபோது லைனில் நின்று கியர் பெட்டி மூடிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான், படித்ததும் கட்டைவிரல் வழக்கம்போல ஃபார்வர்டுக்குப் போனது, போய், நின்றது. நாமே போனால் என்ன? இந்த ஒரு தடவை. சூப்பர்வைசர் கோவிந்தராஜனிடம் போய், பாப்பாவைக் கூப்பிடப் போகணும் சார் என்றான், அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போயிட்டு வாய்யா என்றார். எத்தனை வருஷம் கழித்து அவன் வாயில் அந்த வார்த்தை... கழித்து என்ன கழித்து, வந்ததே இல்லை.

பாப்பாவுக்குப் பெயர் ஸ்நேஹா, தாபோடியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், அம்மா சுப்ரஜாவோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாங்வியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அவன் ஆகுர்டியில் ஒற்றை அறையில். பிரிந்து இது இரண்டாவது மழைக்காலம். கோர்ட்டு கீர்ட்டு என்று போகவில்லை, சொந்த ஊர் கோயம்புத்தூரில் கேட்பவர்களுக்கு, அவருக்கு ஷிப்டு, எனக்கு பேங்க் தூரம், அதான் ரெண்டு வீடு என்று சுப்ரஜாவே சொல்லிச் சமாளித்துக்கொள்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் பூங்கா வாசலில் குழந்தையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள், ஏழு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாள். அவள் கடைசியாக நின்று பேசினது இந்தப் பள்ளிக்கூடச் சங்கதிதான். டைரியில் நோட்டீஸ் ஒட்டி அனுப்புவதை நிறுத்திவிட்டு இனிமேல் எல்லாம் எஸ்.எம்.எஸ். என்றுவிட்டார்கள், சேர்க்கும்போது எழுதிக்கொடுத்தது அப்பா நம்பர். மாத்தச் சொன்னா அடுத்த வருசம் பாக்கலாம்ங்கறாங்க, வந்தா எனக்கு அனுப்பிடுங்க என்றாள். அடுத்த வருஷமே வரக் கூடாது என்று அவன் அன்று சாமியிடம் கேட்டுக்கொண்டான், கேட்கலாமா அப்படியெல்லாம், ஆனாலும் கேட்டான். அன்றிலிருந்து ஒன்றுவிடாமல் அனுப்பியிருக்கிறான், குளிக்கப் போகும்போதும் போனைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு, சித்தப்பா மகன் கல்யாணப் பந்தியில் ரசம் சோற்றில் வலது கை இருக்க இடது கையால் தடவித் தடவி... அனுப்பின கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து ஓகே என்று வரும். அவ்வளவுதான், ஓகே. அது போதும் அவனுக்கு. போனில் இடம் நிறைந்துவிட்டது என்று காட்டும்போதெல்லாம் கம்பெனி மெசேஜை அழிப்பான், லோன் வேணுமா என்று வருவதை அழிப்பான், ஓகேக்களில் கை வைத்ததில்லை. இதைப்போய் யாரிடம் சொல்வது, சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

நாளைக்கு வெள்ளை ஷூ. வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி. மராட்டிப் பரீட்சை திங்களுக்குத் தள்ளிவைப்பு. தலையில் பேன் இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்கவும்... பேன் மெசேஜ் வந்த அன்றைக்கு ராத்திரி ஷிப்டு முழுக்க அவனுக்கே தலை அரித்தது. தன் பெண் வளர்வது அவனுக்கு இப்படித்தான் தெரியும், துண்டு துண்டாக, என்ன வேஷம் போட்டாள், பரிசு வந்ததா, அதெல்லாம் யாரும் மெசேஜ் அனுப்ப மாட்டார்கள். ஒரு தடவை, கைவினை வகுப்புக்கு ஐஸ் குச்சிகள் கொண்டுவரவும் என்று வந்தது. அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் ஸ்டேஷன் வாசலில் குல்ஃபிக்காரனிடம் நின்று தின்று தீர்த்தான், தொண்டை கட்டிக்கொண்டது, குச்சிகளைக் கழுவிக் காயவைத்து ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வைத்தான். என்கிட்ட குச்சி இருக்கு, கொண்டுவந்து தரட்டுமா என்று அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான். அவள் என்ன நினைப்பாள்? குச்சியைச் சாக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வரப் பார்க்கிறான் என்றுதானே? அது உண்மையும்தானே? அழித்துவிட்டான். அந்தக் குச்சிக் கட்டு இன்னும் அலமாரியில் ஷேவிங் டப்பா பக்கத்தில் கிடக்கிறது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

இப்போது இப்படி எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் அப்போது படித்தானா? அப்போது டைரி. காலையில் ஷூ லேஸ் கட்டும்போது ஸ்நேஹா டைரியை அவன் முழங்கால் மேல் விரித்து வைப்பாள், அப்பா சைன், என்பாள், எங்கே என்று கேட்டு விரல் காட்டின இடத்தில் கிறுக்குவான், அழகான கையெழுத்து வேறு. படித்தது கிடையாது. படிக்கிற வேலை சுப்ரஜாவுடையது, கையெழுத்துப் போடுகிற வேலை அப்பாவுடையது, வீட்டுக்கு வீடு அப்படித்தானே என்று இருந்தான். சுப்ரஜா பேங்க் டிரெயினிங் என்று மும்பை போன வாரம், நாளை அரை நாள் பள்ளி என்று ஒட்டியிருந்த காகிதத்தின் கீழும் அதே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். குழந்தை சாயங்காலம் வரை கேட்டில் நின்றிருந்தாள். வாட்ச்மேன் தன் டப்பாவிலிருந்து பாக்ரி ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தானாம். அவள் அழவில்லை, அப்பா சைன் பண்ணினார், அப்பா வருவார் என்று வாட்ச்மேனிடமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சுப்ரஜா திரும்பிவந்து டைரியைப் பிரித்துக் கையெழுத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. ஒரே ஒரு சண்டை போட்டிருந்தால்கூட ஆறியிருக்குமோ என்னவோ. இதுக்கு முன்னாடி எல்லாமே இப்படித்தானே போட்டீங்க என்று மட்டும் கேட்டாள். அந்த மாதமே சாங்வியில் வீடு பார்த்துவிட்டாள்.

அதனால்தான் இன்றைக்கு, அதனால்தானே, அதே அரை நாள், அதே கேட்டு, இந்தத் தடவை எல்லாருக்கும் முன்னால் அவன் நிற்க வேண்டும், ஸ்நேஹா பையைத் தூக்கிக்கொண்டு வருகிறபோது முதலில் தெரிவது அப்பா முகமாக இருக்க வேண்டும், சூடாக ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுத்து, பிறகு சுப்ரஜாவுக்குப் போன் போட்டு, பாப்பா என்கிட்டதான் இருக்கா, பத்திரமா இருக்கா என்று சொல்ல வேண்டும், அந்தப் பத்திரமாவைச் சொல்ல வேண்டும்... காசர்வாடி தாண்டும்போது முன்னே போன பஸ் ஒன்று தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டது. பின்னால் அவனும் நின்றான். வண்டி அணைந்துவிட்டது. உதைத்தான், உதைத்தான், கிளம்பவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. நாம் போய்ச் சேராவிட்டால்? அவளுக்கும் தெரியாதே, அவள் சிவாஜிநகரில் கௌண்டரில் உட்கார்ந்திருப்பாளே, குழந்தை மறுபடி... அடப்பாவி, அன்றைக்குச் செய்ததையேதான் இன்றைக்கும் செய்கிறாய், அன்றைக்குப் படிக்காமல், இன்றைக்குப் படித்துவிட்டு. போனை எடுத்தான். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு இருமல் இருமிப் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான். போனைத் திரும்பக் கவருக்குள் சுற்றினான்.

பள்ளி வாசலில் குடைகளாக இருந்தது. அவன் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கூட்டத்துக்குள் நுழைந்தபோது சுப்ரஜா ஏற்கனவே கேட்டுக்கு உள்ளே, படிக்கட்டில் குந்தி உட்கார்ந்து, ஸ்நேஹாவின் ஈர சாக்ஸைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் ரெயின்கோட்டு, சின்னது, பக்கத்தில் விரித்து வைத்திருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, குழந்தைக்கென்று ஒரு துண்டுகூட எடுத்துவரவில்லை, இந்த மழையில் அவளை எப்படி வண்டியில் கூட்டிப்போவதாக இருந்தான்? அப்பா, இன்னிக்கு சண்டே நஹி, நீ எதுக்கு வந்தே என்றாள் ஸ்நேஹா. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுப்ரஜா நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள், அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"மெசேஜ் வந்துச்சு... அனுப்பலாம்னுதான்..." என்று இழுத்தான்.

"எனக்கும் வருதுங்க" என்றாள் அவள். "தீபாவளி லீவு முடிஞ்சதுலருந்தே வருது. ரெண்டு நம்பருக்கும் போட்டுட்டாங்க."

பக்கத்தில் யாரோ ஒரு அப்பா மகனை மராட்டியில் அதட்டிக்கொண்டிருந்தார். தீபாவளியிலிருந்தே என்றால்... வெள்ளை ஷூ, பேன், ஐஸ் குச்சி, எல்லாமே அவளுக்கு முன்பே தெரியும்.

"இன்னைக்கு உங்களோடது வரலை" என்றாள், குழந்தையின் தலையில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டே, அவனைப் பார்க்காமல். "பேங்க்லருந்து கிளம்புற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். இந்த மழைல வண்டில எங்கயாச்சும் விழுந்துட்டீங்களோன்னு..." குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், வளர்ந்த பெண், கால்கள் தொங்கின. வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை என்று அவன் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் காத்திருந்த ஆட்டோவை நோக்கி நடந்துவிட்டாள்.

ஆட்டோ பாலத்து நெரிசலில் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது, பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலில் மஞ்சள் தொப்பி தெரிந்தது. அவன் நனைந்தபடி நின்றான். ஏன் ஓகே என்று போட்டுக்கொண்டிருந்தாள்? பாவம், இவனுக்கு இதுவாவது இருக்கட்டும் என்றா? இல்லை, அவளுக்கும்... சே, நப்பாசை. கேட்டிருக்கலாமே, நின்றுகொண்டுதானே இருந்தாள். இனி அனுப்பினால் பதில் வருமா, அல்லது இன்றோடு அந்தக் கணக்கு நேராகிவிட்டதா? அப்போது கவருக்குள் போன் அதிர்ந்தது. நாளை பள்ளி விடுமுறை. ஆட்டோவுக்குள் அவள் தலை கைப்பைக்குக் குனிவது தெரிந்தது. அவன் கட்டைவிரல் தானாக ஃபார்வர்டுக்குப் போனது, அவள் பெயர்வரை போய், நின்றது. அவளிடம் இல்லாத எதை இனி அவளுக்கு அனுப்புவது? சொந்தமாகத்தான் ஏதாவது எழுத வேண்டும். அந்த மெசேஜை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தான், வெறும் திரை, முனையில் ஒரு கோடு விட்டு விட்டு மின்னியது, அதன்மேல் மழை விழுந்தது, சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆட்டோ இன்னும் அங்கேதான் நின்றிருந்தது.