இரும்பனின் முகம்

அன்று மாலை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். மூத்தவளான நான், என் தம்பி, தம்பியின் மனைவி, அவர்கள் மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தகப்பனாரான சம்பந்தி. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

சம்பந்தியை அழைத்தது நான். காரணம் இருந்தது.

விண்வெளிக் கப்பல் ஒன்று ஊர் திரும்ப வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தத் தொடரைப் பார்க்காத வீடு குறைவு. அதில் கப்பலின் கதவைக் காக்கும் இயந்திர மனிதன் இரும்பன். பதினாறு வருடமாக அந்த உடைக்குள் இருப்பவன் என் தம்பி. குரல் வேறொருவருடையது. நடை, தலை சாய்ப்பு, குழந்தைகள் தெருவில் செய்து காட்டுகிற அந்த அரைத் திரும்பல், எல்லாம் தம்பியுடையவை. உடையைப் போட்டால் உட்கார முடியாது. படப்பிடிப்புக்கு நடுவே சாய்ந்து நிற்க ஒரு பலகை கொடுப்பார்கள். கழுத்து இடுக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் குடிப்பான். கோடையில் அவன் முதுகு முழுக்க வேர்க்குரு. தம்பி மனைவி பவுடர் போட்டே ஓய்ந்துபோனாள்.

ஆனால் இதற்கெல்லாம் சாட்சி கிடையாது. படப்பிடிப்புத் தளத்தின் வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். முடிவில் ஓடும் பெயர் வரிசையில் 'இரும்பன்: இரும்பன்' என்றுதான் வரும். உள்ளே ஆள் இருப்பதே தெரியக்கூடாது என்பது தயாரிப்பாளர்களின் கொள்கை.

கல்யாணப் பேச்சின்போதே சம்பந்தி சிரித்தார். "இரும்பனா? முகமே தெரியாத வேஷத்தை யார் வேணாலும் நான்தான்னு சொல்லிக்கலாமே!" அதற்குப் பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் அதே பேச்சு. எங்களிடம் சொன்னால் பதில் சொல்லிக்கொள்வோம். அந்த வீட்டில் வாழ்கிற பெண்ணிடம் சொன்னார். "உங்கப்பா இன்னைக்கு எந்தக் கிரகத்துல?" என்று சாப்பிடும்போது கேட்பாராம். பிறந்த வீட்டு வார்த்தை பொய் என்று ஒரு பெண் தினமும் கேட்டுக்கொண்டு சோறு தின்பது எப்படி இருக்கும்?

அந்த வருடக் கடைசி விடுமுறைக்கு ஒரு சிறப்புப் பகுதி எடுத்தார்கள். அதில் இரும்பன் முதன்முறையாகத் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தும் தம்பி என்னிடம் மட்டும் சொன்னான். "என் முகத்தைத்தான்க்கா எடுத்தாங்க. ரெண்டு தடவை ஷேவ் பண்ணிட்டுப் போனேன்."

நான் சம்பந்திக்குப் போன் செய்து, குடும்பத்தோடு சாப்பிட வரவேண்டும் என்றேன்.

வந்தார். தொலைக்காட்சிக்கு நேர் எதிரே இருந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி இஸ்திரி போட்ட சட்டையுடன் சுவரோரம் முக்காலியில் இருந்தான்.

"என்ன சம்பந்தி, உங்க கப்பல் எப்பதான் ஊர் வந்து சேரும்?"

"ஊர் வந்துட்டா எங்களுக்கு வேலை போயிடுமே" என்றான் தம்பி. மாப்பிள்ளை சிரித்தார். பெண்ணும் சிரித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து நாளாகியிருந்தது.

கதையில் கப்பலிலும் விடுமுறை. கலர் விளக்குகளைக் கட்டிவிட்டு எல்லோரும் தங்கள் வீட்டை நினைத்து அழுகிறார்கள். கப்பலில் பிறந்த சிறுமி ஒருத்தி இரும்பனிடம் வந்து, உனக்கு முகம் உண்டா என்று கேட்கிறாள். விளம்பரம் வந்தது. சோப்பு, கார், மறுபடியும் சோப்பு.

இரும்பன் முதலில் கையுறைகளைக் கழற்றினான். வலது கைச் சுண்டுவிரல் வெளிப்புறமாக வளைந்திருந்தது. கப்பல் செட்டின் கதவு நசுக்கி உடைந்த விரல் அது. "அப்பா கை!" என்றாள் பெண். பிறகு கவசம் மேலே எழுந்தது.

உள்ளே இருந்தது ஓர் இளம் நடிகனின் முகம். புதுப் படத்துக்காகச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்களே, அவன். பதினாறு வருடம் மூடிக்கிடந்த தலையில் ஒரு முடிகூடக் கலையவில்லை.

சம்பந்தி நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். "சம்பந்தி, டிவியில ரொம்ப இளமையா தெரியறீங்க."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை.

"விரலைப் பாத்தீங்கல்ல?" என்றாள் தம்பி மனைவி. "அது இவர் விரல்தானே!"

"விரலை வச்சு ஆளைப் பிடிக்க இது என்னம்மா போலீஸ் ஸ்டேஷனா?"

நான் சொன்னேன். "அந்த விரல் உடைஞ்சப்ப ஆஸ்பத்திரியில கூட இருந்தவ நான். என் வார்த்தை போதாதா?"

"போதும்க்கா, போதும். நீங்க சொன்னா சரிதான்." அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சொல்கிற குரலில் சொன்னார். இந்த வயதில் என்னிடம் அந்தக் குரலில் பேசியவர் அவர் ஒருவர்தான்.

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிவில் பெயர்கள் ஓடின. 'இரும்பன்' என்பதற்கு எதிரே முதன்முறையாக ஒரு மனிதப் பெயர் வந்தது. அது எங்கள் வீட்டுப் பெயர் அல்ல.

"சாப்பாடு ஆறுது, எழுந்திருங்க" என்றேன். வந்தவர்களுக்கு இலை நிறையப் பரிமாறினேன். சம்பந்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதில் குறை வைக்கவில்லை.

கிளம்பும்போது பெண் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் நம்பறேன்ப்பா. ஆனா இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்காக." தம்பி தலையைச் சாய்த்தான். ஊரே அறிந்த அதே சாய்ப்பு. அவள் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுக்கா. நான் கழட்டி முடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. டைரக்டர் வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டார்." சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னவோ."

"மானம்னு ஒண்ணு இருந்தா இனி அந்த வாசலை மிதிக்காதே."

"அவன் முகத்தைக் காட்டிட்டுப் போயிட்டான். நடக்கறது யாரு? அந்த உடை என் அளவுக்குச் செஞ்சது. வேற யாருக்கும் தோள் சேராது."

நான் எச்சில் இலைகளை எடுக்கப் போனேன்.

தம்பி அவமானம் தாங்காமல் அந்த வேலையை உதறிவிட்டான் என்றும், உதறச் செய்தவள் நான் என்றும் சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். எங்களுக்குப் பெருமையான பேச்சுதான். ஆனால் உண்மை இல்லை. விடுமுறை முடிந்து படப்பிடிப்பு தொடங்கிய முதல் நாளே போனான். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறான்.