ஜூன் பதினொன்றுக்குப் பிறகு

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ரிஃபானாவுக்காக எல்லோரும் கை தட்டினார்கள்.

ஞாயிறன்று ஏசி குழாய் ஒழுகி, அவிநாசி சாலை அலுவலகத்தில் இருந்த சர்வருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. குழந்தை உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் அந்தப் பனியன் கம்பெனியின் ஆர்டர் முதல் பேக்கிங் வரை எல்லா விவரமும் அதில்தான் இருந்தது. நல்லவேளையாக முதலிபாளையம் யூனிட்டில் அதற்கு ஒரு நகல் சர்வர் உண்டு. ஸ்டாண்ட்பை என்பார்கள். இங்கே ஒரு வரி பதிவானால் சில நொடிகளில் அங்கேயும் பதிவாகும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் ரிஃபானாவின் வேலை. ஆறு வருடமாக அவள் ஒருத்திதான் பார்த்தாள். தகவல் வந்ததும் முதலிபாளையத்துக்கு ஓடி, ஒன்றரை மணி நேரத்தில் கம்பெனி முழுவதையும் நகல் சர்வருக்கு மாற்றிக் கொடுத்தாள். ஒரு ஆர்டர்கூட விட்டுப்போகவில்லை. ஃபேக்டரி மேனேஜர் செல்வக்குமார் மைக்கில் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

புதன்கிழமை மதியம், துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் சார்பில் ஆய்வாளர் ஒருவர் வந்தார். ஊசிப் பதிவைக் காட்டச் சொன்னார்.

தையல் மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒன்று சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் தைத்த துணி எதுவும் வெளியே போகக் கூடாது. பச்சைக் குழந்தை போடும் சட்டை. இந்தப் பொறுப்பு மயிலாளுடையது. அவிநாசிப் பக்கத்துக்காரி, ஐம்பதை நெருங்குபவள். பதினோரு வருடம் துண்டுகளை நோட்டில் டேப் போட்டு ஒட்டிவந்தாள். இந்த ஜூன் மாதம்தான் நோட்டை நிறுத்திவிட்டு, டேப்லெட்டில் பதியும் முறை வந்தது. பத்து நாளில் துண்டுகளைப் படமெடுத்துச் சேர்ப்பதும் வந்தது.

ஆய்வாளர் முன்னால் திரையைத் திறந்தார்கள். ஜூன் பதினொன்று வரை பதிவுகள் இருந்தன. அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்றும் இல்லை.

தினமும் பதிந்ததாக மயிலாள் சொன்னாள். செல்வக்குமார் ரிஃபானாவைக் கூப்பிட்டு, சர்வர் மாற்றியதில் எதுவும் விட்டுப்போயிருக்குமா என்று கேட்டார். மற்றதெல்லாம் சரியாக வந்திருக்கும்போது இது மட்டும் எப்படிப் போகும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அப்போது அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

நாலு மணிக்கு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று நகல் சர்வரின் பிழைப் பதிவுகளைத் திறந்தாள். பக்கம் பக்கமாக ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. ஜூன் பதினொன்றாம் தேதி படம் சேர்ப்பதற்காக முதன்மை சர்வரில் ஊசிப் பதிவுகளுக்கான அட்டவணையில் அவள் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்திருந்தாள். நகலில் சேர்க்க மறந்துவிட்டாள். அன்றிலிருந்து மயிலாள் பதிந்த ஒவ்வொரு வரியையும் நகல் சர்வர் ஏற்காமல் தள்ளியிருக்கிறது. பிழை வந்தால் ஒதுக்கிவிட்டு மற்றதைத் தொடரும்படி போன வருடம் அமைத்து வைத்ததும் அவள்தான். அதனால் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. திரையில் எப்போதும் பச்சை விளக்குதான் எரிந்தது.

சனிக்கிழமைதோறும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அட்டவணையிலும் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணி ஒப்பிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு வருடம் எண்ணினாள். ஒருமுறைகூட வித்தியாசம் வரவில்லை. பிறகு பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் படிவத்தில் ‘சரி’ என்று எழுதத் தொடங்கினாள். ஜூனுக்குப் பிறகு அப்படிப் பதின்மூன்று ‘சரி’ எழுதியிருந்தாள்.

உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். மேனேஜர் அறை பத்தடி தூரம்தான். தண்ணீர் பட்ட டிஸ்க்கைத் திங்களன்றே கோவையில் தரவு மீட்டுக் கொடுக்கும் இடத்துக்கு அனுப்பியிருந்தாள். அதிலிருந்து மீட்டுவிட்டால் பதிவுகளோடு போய் நிற்கலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமைக் கைதட்டலும் காதில் இருந்தது.

ஐந்தரை மணிக்கு, ஷிப்ட் முடிந்து மயிலாள் அவள் மேசைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நான் போட்டது எங்கியாச்சும் இருக்குமா கண்ணு? ஒருக்கா நல்லாப் பாரு.”

ரிஃபானாவின் திரையில் அந்தப் பிழை வரிகள் அப்போதும் திறந்தே இருந்தன. மயிலாளுக்கு ஆங்கிலம் தெரியாது.

“பாக்கறேங்க்கா,” என்றாள் ரிஃபானா.

மறுநாள் காலை செல்வக்குமார் செக்கிங் பிரிவில் ஐம்பது பெண்கள் முன்னால் மயிலாளை நிற்கவைத்துக் கேட்டார். ஆய்வாளர் எழுதிவிட்டுப் போன அறிக்கை அவர் கையில் இருந்தது. செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்லிவிடலாம், பொய் எதற்கு, குழந்தை உடம்பில் குத்தினால் யார் பதில் சொல்வது என்றார். பதியத் தவறிவிட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். மயிலாள் பேனாவை வாங்கவில்லை. கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ரிஃபானா அதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

அன்று மாலையே டிஸ்க்கிலிருந்து எதுவும் தேறாது என்று கோவையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை செல்வக்குமார் வருவதற்கு முன்பே ரிஃபானா அவர் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே அழைத்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். எப்போது தெரியும் என்று அவர் கேட்டார். புதன்கிழமை நாலு மணிக்கு என்றாள்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தம்மாவை நான் அப்படிப் பேசியிருக்க மாட்டனுங்களே ரிஃபானா,” என்றார்.

பேக் செய்திருந்த அத்தனை அட்டைப்பெட்டிகளையும் பிரித்து, ஒவ்வொரு சட்டையையும் மறுபடி மெட்டல் டிடெக்டரில் விட்டார்கள். ஐந்து நாள் ஆனது. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. மயிலாள் ஒன்றைக்கூடத் தவறவிட்டிருக்கவில்லை.

செல்வக்குமார் ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டார். கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்றார். மயிலாள் சரிங்க என்றாள். வேலைக்கு மட்டும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிஃபானா முகவரி விசாரித்துக்கொண்டு அவிநாசிக்குப் போனாள். மயிலாள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நிட்டிங் யூனிட்டில் நூல் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வாங்க என்று கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொடுத்தாள். ரிஃபானா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, கம்ப்யூட்டர் மேல தப்பில்லை. தப்பு என்னுது. நீங்க வந்து கேட்டப்பவே எனக்குத் தெரியும்.”

மயிலாளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் கேக்கறப்பவே தெரியுங்களா?”

“தெரியும்க்கா.”

மயிலாள் சுவரைப் பார்த்தபடி பேசினாள். “அந்தச் சார் போன் பண்ணுற வரைக்கும் ஒரு வாரம், நாந்தான் மறந்துட்டனோன்னு நெனச்சனுங்க. போட்டமா, போடலியான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஏதோ குழந்தைக்குக் குத்திப்போட்ட மாதிரியே இருந்துச்சு. தூக்கமில்லீங்க.”

ரிஃபானா அழுதாள். மயிலாள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. திரும்ப வரும்படி கேட்டதற்கு, அத்தனை பேர் பார்க்க இறங்கிவந்த இடத்துக்கு இனி எப்படிப் போவது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு, சந்துகளில் வழி குழப்பும் என்று பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். பஸ் வரக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை மழை வரும்போல இருக்கிறது என்றும், திருப்பூர் பஸ் ஞாயிற்றுக்கிழமை குறைவுதான் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் வந்ததும் பார்த்து ஏறச் சொன்னாள்.