மூன்றாவது பெஞ்சில் ஒரு கட்டம்

ஒன்றரை வருடம் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை, தையற்காரியின் மகள் சாம்பல் நிறக் கட்டமாக வந்து ஆறாம் வகுப்பின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். முழ அகலம், முழ உயரம். நடுவில் வெள்ளையாக அவள் பெயரின் முதல் எழுத்து. பிள்ளைகள் யாரும் திடுக்கிடவில்லை. ஆன்லைன் வகுப்பு நடந்த காலம் முழுக்க அவளை அப்படித்தானே பார்த்திருந்தார்கள்! குழம்பிப்போனது பெரியவர்கள்தான். கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வருகிறது, முகத்தைக் காணோம், பதிவேட்டில் என்ன போடுவது என்று கணக்கு டீச்சர் தலைமையாசிரியையைக் கேட்டார். அவர் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரை வரவழைத்தார். வந்தவர் கட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சிக்னல் ஃபுல்லா இருக்கு மேடம், அவங்க பக்கம்தான் ஏதோ" என்று சொல்லிப் போய்விட்டார். எந்தப் பக்கம் என்பது எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டில் அவள் முழுசாகத்தான் இருந்தாள். பள்ளி வாசலைத் தாண்டினால் கட்டம். காரணம் தையற்காரிக்குத் தெரியும். வீடென்று இருந்தது ஒரே அறை. அதில் தையல் மெஷின், அடுப்பு, குறுக்கே கொடியில் ஈரத்துணி, ராத்திரிக் காவல் முடிந்து வந்து பகலெல்லாம் குறட்டை விடும் புருஷன். "நம்ம வீட்டு லட்சணத்த ஊரே பாக்கணுமாடி? கேமராவ மூடு" என்று வகுப்பு தொடங்கிய முதல் நாளே மகளை அதட்டியவள் அவள்தான். மகளோ அதற்குள் பழகிவிட்டாள். "உள்ள நல்லாத்தாம்மா இருக்கு. யாரும் என்னப் பாத்துச் சிரிக்க மாட்டாங்க" என்றாள். ஏழாம் வகுப்பில் மகளின் குரலும் தேயத் தொடங்கியது. இப்படியே போனால் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனார்கள்.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தையற்காரி மெஷினை நிறுத்தினாள். செல்போனில் அந்தப் பழைய ஆன்லைன் வகுப்பைத் தேடிப் பிடித்துக் கேமராவைத் திறந்தாள். வகுப்பறைச் சுவரில் இருந்த பெரிய திரையில் அடுப்பு தெரிந்தது, கொடி தெரிந்தது, குப்புறப் படுத்திருந்த புருஷன் தெரிந்தார். "இதான் டீச்சர் எங்க வீடு. மூடச் சொன்னது நாந்தான், அவ இல்ல. எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க, எம் பொண்ண மட்டும் குடுத்துருங்க" என்று விம்மினாள். கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது கட்டம் திறந்தது. மெஷினும் அடுப்புமாக அந்த அறை மொத்தமும் மூன்றாவது பெஞ்சில் வந்து இறங்கியது. எப்படி இடம் போதுமானதாக இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நடுவில், முகம் சிவக்க, அழுவதா சிரிப்பதா தெரியாமல் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், கையில் செல்போனோடு தாய் நின்றிருந்தாள்.

எட்டாம் வகுப்புக்கு மாடி ஏறியபோது அறையும் கூடவே ஏறியது. ஈரத்துணி சொட்டும் பக்கம் உட்காருகிறவர்கள் நோட்டை நகர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். தையற்காரி ஊசியில் நூல் கோக்கத் தலை நிமிர்ந்தால் மகளின் பின்னல் தெரியும். குறட்டை அதிகமாகிப் பாடம் கேட்காமல் போனால் கணக்கு டீச்சரே, "அண்ணே, கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்பார். அவரும் தூக்கத்திலேயே திரும்பிப் படுத்துக்கொள்வார்.