முதலில் பதில் சொன்ன பெட்டி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மாணவர்களுக்கான மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார். வீட்டில் கணினி வலையமைப்பை எப்படி அமைப்பது, அது எப்படி வேலை செய்கிறது, அவ்வளவுதான். "பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் புரியணும். கதை மாதிரி இருந்தா இன்னும் நல்லது" என்றார். நான் எழுத உட்கார்ந்த வாரத்தில்தான் என் அக்காவின் மகளை அவளுடைய அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். அவர் கையில் நீதிமன்ற உத்தரவு இருந்தது. அந்த உத்தரவு அப்படி வந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு வலையமைப்பு.

ஆகவே ஆசிரியர் கேட்டதும் எனக்கு எழுத வேண்டியிருந்ததும் ஒன்றாகிப்போயின. எழுதிப் பார்த்த தொடக்கங்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"அன்புள்ள மாணவர்களே, இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேச ஆசைப்பட்டால்" (எந்தக் கணினிக்கும் எந்த ஆசையும் கிடையாது. வெட்டு.)

"மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து அக்கா ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி" (இங்கே தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவேன். பிறகு வரட்டும்.)

"நெட் போச்சு என்று சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு" (முடிக்கவில்லை. முடித்தால் பிள்ளைகள் படிக்கும் இதழில் போட மாட்டார்கள்.)

2

சரி, பாடம்.

வெளியிலிருந்து வரும் இணையக் கம்பி முதலில் ரவுட்டர் என்ற பெட்டிக்கு வருகிறது. வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே வாசல் அதுதான். எங்கள் வீட்டில் அது கூடத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரிக்குப் போகிறது. அங்கே சுவிட்ச். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு தட்டைப் பெட்டி. ஓர் அறையிலிருந்து வருவதை வாங்கி, எந்த அறைக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்பிவிடும். அலமாரியிலிருந்து ஒவ்வொரு அறைச் சுவருக்கும் ஒரு கேபிள்.

இதையெல்லாம் இழுத்துப் பொருத்தியவள் அக்கா. புருஷன் வீட்டிலிருந்து மகளோடு திரும்பி வந்தவள் மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். இப்போது அலுவலகங்களுக்கு வலையமைப்பு போட்டுக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டுக் கேபிள் ஒவ்வொன்றின் நுனியிலும் அது எந்த அறைக்குப் போகிறது என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

இனி முக்கியமான இடம். ஒரு மடிக்கணினி கண் விழித்ததும் செய்கிற முதல் காரியம், வலையமைப்பு முழுக்கக் கேட்கும்படி ஒரு கேள்வியைப் போடுவது: எனக்கு ஒரு முகவரி வேண்டும், வெளியே போக வாசல் எது என்றும் சொல்லுங்கள். ரவுட்டர் ஒரு முகவரியை எடுத்துக் கொடுத்து, "நானே வாசல்" என்று பதில் சொல்லும். முகவரி என்றால் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். பதில் சொன்னது யார், அதற்கு அந்த உரிமை உண்டா என்றெல்லாம் கணினி விசாரிக்காது. முதலில் யார் பதில் சொன்னாலும் நம்பிவிடும்.

வாசகரே, அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

3

அண்ணன் என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல்.

முதல் பிரதியில் அவனை வில்லனாக்கியிருந்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "இப்படி ஒரு அண்ணன் இருப்பானாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவன் அப்படி இல்லை. அக்கா வந்து இறங்கிய அன்று அவளுடைய பெட்டிகளை மாடிக்குத் தூக்கிப்போனவன் அவன். குட்டியைத் தினமும் வண்டியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவன். குட்டி என்பது அக்கா மகள். வீட்டில் யாரும் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்திருப்பேன்.

அவனுடைய குணம் வேறு. அவன் எதையும் செய்வதில்லை; எல்லாம் அவன் முன்னால் நடந்துவிடுகின்றன. டம்ளர் உடைஞ்சுடுச்சு. சாவி தொலைஞ்சுடுச்சு. குட்டிக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள் தாண்டிடுச்சு. அண்ணியைக் கேட்டால், "உங்க அண்ணன் கையால ஒரு தப்பும் நடந்ததில்ல. அவர் பக்கத்துல நின்னுக்கிட்டிருப்பார், அவ்வளவுதான்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நாங்களும் சிரிப்போம். இவ்வளவு வருஷம் சிரித்தே அவனை வளர்த்துவிட்டோம்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: சுவருக்கு வண்ணம் அடித்தபோது அலமாரிக் கேபிள்களில் இருந்த சீட்டுகளைக் கிழிக்கச் சொன்னவனும் அவன்தான். "ஆஸ்பத்திரியில நோயாளிக்குக் கட்டற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் சீட்டு. பார்க்கவே நல்லா இல்ல." திரும்ப ஒட்ட வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். இதை மறந்துவிடாதீர்கள்.)

4

அன்று காலை காணொளியில் விசாரணை. குட்டி யாரிடம் இருப்பது என்ற வழக்கு. குடும்ப நீதிமன்றம் வெகு தொலைவில் இருந்ததால் இருவருமே அவரவர் இடத்திலிருந்து பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா முந்தின நாளே ஒவ்வோர் அறையாகப் போய், "நாளைக்குக் காலையில யாரும் எதையும் தொடாதீங்க, ரவுட்டர் பக்கமே போகாதீங்க" என்று சொன்னாள். அண்ணன், "நான் எதுக்குத் தொடப்போறேன்" என்றான்.

அவன் ரவுட்டரைத் தொடவில்லைதான். அதில் அவன் சொல் சுத்தம்.

அவன் அறையில் வைஃபை எப்போதும் கொஞ்சம் மந்தம். கடை நடத்திய காலத்தில் அவன் வைத்திருந்த பழைய ரவுட்டர் ஒன்று பரணில் கிடந்தது. காலையில் அதை எடுத்துத் துடைத்து, தன் அறைச் சுவரில் இருந்த இணைப்போடு ஒரு கேபிளால் சேர்த்தான். அந்தப் பெட்டியின் முதுகில், இணையம் உள்ளே வருவதற்குத் தனியாக நீல நிறத்தில் ஒரு துளை, பக்கத்தில் மஞ்சளில் நான்கு. நீலத்தில் செருகியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அவனுக்கு நல்ல வைஃபைகூடக் கிடைத்திருக்கும். அவன் மஞ்சளில் செருகினான். மஞ்சளில் செருகினால் அந்தப் பெட்டி வீட்டு வலையமைப்பின் உள்ளே வந்து நின்றுகொண்டு, முகவரி கேட்கிற எல்லோருக்கும் தானே எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிடும். "நானே வாசல்" என்றும் சொல்லும். அதற்குப் பின்னால் வெறும் சுவர்.

கைப்பேசியில் பார்த்தான். நெட் வரவில்லை. வேலை செய்யாத பொருளால் யாருக்கு என்ன கெடுதல் என்று அப்படியே விட்டுவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

(இந்த இடத்தை நான்கு தடவை எழுதினேன். மூன்றில் அவனைத் திட்டியிருந்தேன். இது நான்காவது.)

5

அக்கா மடிக்கணினியைத் திறந்தாள். அது முகவரி கேட்டது. பழைய பெட்டி முந்திக்கொண்டு பதில் சொன்னது. திரையின் மூலையில் வைஃபை அடையாளம் நிறைந்து நின்றது. ஒரு பக்கமும் திறக்கவில்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றாள் அண்ணி.

"இருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அக்கா தன் முகவரியைப் பார்த்தாள். அதில் மூன்றாவது எண் மாறியிருந்தது. அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "இது நம்ம ரவுட்டர் கொடுத்தது இல்ல. வீட்டுல வேற யாரோ முகவரி கொடுக்கறாங்க."

அண்ணன் அறைக்கு ஓடினோம். பூட்டு. அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அலமாரியைத் திறந்தாள். ஒரே மாதிரியான வெள்ளைக் கேபிள்கள், ஒன்றிலும் சீட்டு இல்லை. முதல் கேபிளில் கை வைத்தபோதே நீதிமன்ற ஊழியரிடமிருந்து அழைப்பு: "அம்மா, உங்க பேரைக் கூப்பிட்டாச்சு. இணைப்புல வாங்க."

(வலையமைப்பு தெரிந்த வாசகர் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார்: முகவரியைக் கையாலேயே மாற்றி எழுதியிருக்கலாமே? ஆமாம், எழுதியிருக்கலாம். உங்கள் குழந்தையை யாருக்குக் கொடுப்பது என்று எங்கோ பேசிக்கொண்டிருக்கும் அந்த நிமிஷத்தில் உங்களுக்கு அது ஞாபகம் வரும் என்றால், உங்கள் தலை வேறு மாதிரி செய்யப்பட்டது. வாழ்த்துகள்.)

போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். அங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்று போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். நான் வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, உங்க குரல் விட்டு விட்டு வருது" என்றார் நீதிபதி.

"ஐயா, என் பொண்ணு இங்க நல்லா" அக்காவின் குரல் போய்விட்டது. திரும்பி வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். மனுஷனுக்குக் குரல் கணீரென்று வந்தது. "இவங்க நெட்வொர்க் வேலை பார்க்கறதா மனுவுல சொல்லியிருக்காங்க. நீதிமன்றத்துக்கு ஒரு இணைப்பை ஒழுங்கா வச்சுக்க முடியல. மாடியில நின்னு பேசறாங்க. இந்தப் பொறுப்புலதான் குழந்தை வளருது."

அக்கா பதில் சொன்னாள். பாதியில் உறைந்த அவள் முகத்தை மட்டும் அவர்கள் பார்த்திருப்பார்கள். அடுத்த உத்தரவு வரை குழந்தை தகப்பனிடம் இருக்கட்டும் என்று நீதிபதி சொன்னது மட்டும் ஓர் எழுத்து விடாமல் எங்களுக்குக் கேட்டது.

கீழே வந்து அக்கா கேபிள்களைப் பிடுங்கினாள், ஒவ்வொன்றாக. அண்ணன் அறைக் கேபிளை எடுத்ததும் நெட் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது அந்த நெட்டின் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது.

6

அக்காவின் வக்கீலம்மா ஒரு வழி சொன்னார். இணைப்பு போனதற்கு அக்கா காரணம் இல்லை, அவள் எச்சரித்தும் வேறொருவர் செய்த தவறு என்று அந்த ஆளே பிரமாணப் பத்திரம் கொடுத்தால், உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். திங்கட்கிழமை மனு போட வேண்டும்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்.

"நான் என்ன பண்ணேன்? நெட் போச்சு" என்றான்.

"நீ அந்தப் பெட்டியைச் சொருகினே."

"அதுதான் வேலையே செய்யலையே. வேலை செய்யாத பெட்டி எப்படிம்மா உன் நெட்டை நிறுத்தும்?"

அக்கா விளக்கினாள். இரண்டாம் பகுதியில் நான் எழுதியதை அப்படியே, என்னைவிட நன்றாக. அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு இந்த நெட்வொர்க் எல்லாம் புரியாது. புரியாத விஷயத்துல கோர்ட்டுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்லுவேன்? எல்லாம் நேரம்."

"நேரத்தைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கட்டுமா?" என்று நான் கேட்டேன். அண்ணி முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. அவன் கை கழுவிக்கொண்டு எழுந்து போனான்.

7

முடிவுகள். எழுதி வைத்திருப்பவை மூன்று.

ஒன்று: அண்ணன் மனம் மாறி, கண்கலங்கி, கையெழுத்துப் போடுகிறான். குட்டி வண்டியிலிருந்து இறங்கி ஓடி வருகிறாள். (ஆசிரியருக்குப் பிடித்தது. "பிள்ளைங்களுக்கு நல்ல செய்தி." நடக்காததை எழுதிப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை.)

இரண்டு: அவன் போடவில்லை. அக்கா வீட்டை விட்டுப் போகிறாள். போகும்போது தான் இழுத்த கேபிள்களை எல்லாம் சுவரிலிருந்து உருவி எடுத்து (எழுதும்போது நன்றாக இருந்தது. அக்கா அப்படிச் செய்ய மாட்டாள். அது என் ஆத்திரம்.)

மூன்று: நான் அண்ணன் கையெழுத்தை (வேண்டாம்.)

8

அண்ணா, இதுவரை "வாசகரே" என்று எழுதியது உன்னைத்தான்.

புரியாது என்று சொன்னாய். அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதினேன். வாசல் எது, முகவரி எது, மஞ்சள் துளை எது, எல்லாம் இதில் இருக்கிறது. யாராவது கூப்பிட்டுக் கேட்டால் நீ இதையே சொல்லலாம். இனி உனக்குப் புரியாது என்று சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்று வேண்டுமானால் சொல். அதையாவது நீயே சொன்னதாக இருக்கும்.

ஆசிரியர் கோபத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைத்துத்தான் இவ்வளவு.

இன்னும் ஒரே ஒரு பாடம். குறிப்பிட்ட ஒரு சாதனத்துக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைக்கலாம். அது வீட்டில் இல்லாதபோதும் ரவுட்டர் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காது. அக்கா இந்த வீட்டில் ஒன்றுக்குத்தான் அப்படிச் செய்திருக்கிறாள்: குட்டியின் டேப்லெட். கூடத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்தால் "குட்டி" என்ற பெயர் இப்போது சாம்பல் நிறத்தில் தெரிகிறது. இணைப்பில் இல்லை என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. நேற்று அக்கா அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயன்படுத்தாத சாதனத்தை நீக்கவா என்று அது கேட்டது. அவள் வேண்டாம் என்று அழுத்தினாள்.

வக்கீலம்மா தட்டச்சு செய்து கொடுத்த தாளை இந்தக் கதையோடு சேர்த்து உன் சாப்பாட்டு மேசையில் வைக்கிறேன். பேனாவும் வைத்திருக்கிறேன், பேனா எழுதலை என்று சொல்லாதே, எழுதிப் பார்த்துவிட்டேன். தாளில் முக்கியமான வாக்கியம் ஒன்றுதான்: "அன்று காலை அந்தப் பெட்டியை இணைத்தவன் நான்." அதற்குக் கீழே காலியிடம்.

இந்தக் கதைக்கும் கடைசி வரி அந்தக் காலியிடத்தில்தான் வர வேண்டும். அதை நான் எழுதினால் செல்லாது.