காபரேற்றருக்கு ஒரு மாலை

என் மனைவி உதயகலாவின் காரின் பொனற்றுக்குள் தலையை விட்ட சந்தியோகு நெடுநேரம் நிமிரவில்லை. நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி, விரலை அடையாளமாக வைத்தபடி நின்றேன். கடனீரேரியிலிருந்து காற்று வீசியது. அரியாலையின் அந்த வீதியை ஒரு காலைப்பொழுதுக்குக் கார்ப் பந்தயத்துக்காக மூடியிருந்தார்கள்.

எட்டுப் பழைய ஏ-40 கார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ரயர், ஒரே பிளக், ஒரே காபரேற்றர். பந்தயக் கழகமே கொடுத்து, காபரேற்றரைக் கம்பியால் சுற்றி ஈயமுத்திரையும் குத்தியிருந்தது. பரிசோதகர் என்று தனியாக ஒருவரும் இல்லை. சீட்டுக் குலுக்கி, ஓடுகிறவர்களே ஒருவர் காரை ஒருவர் பார்க்கவேண்டும். கலாவின் கார் சந்தியோகுவுக்கு விழுந்திருந்தது.

எல்லாருக்கும் ஒரே சாமான் என்ற இந்தப் புதிய பந்தயத்துக்கு முதலில் தன் பெயரைக் கொடுத்தவள் கலாதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கார் ஓட்டப் பழக்குகிறவள். எந்தச் சாமானையும் பூட்டலாம் என்றிருந்த போன வருடப் போட்டியில் வென்றபோது, "சாமான் ஓடினது, அவ சும்மா இருந்தவ" என்று தேநீர்க்கடையில் சிரித்தார்கள். குருநகரில் படகு எஞ்சின் திருத்தும் சந்தியோகுவின் சிரிப்புத்தான் அதில் பெரிது.

"தங்கச்சி, சீல் கம்பி அறுந்து கிடக்கு."

"நான் கை வைக்கேல்லை அண்ணை."

"அப்ப பிள்ளையாரே இறங்கி வந்து அறுத்தவர்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்திரை இல்லாத கார் ஓட முடியாது. பார்த்தவர் சம்மதித்தால் மட்டும், இரண்டு பேரும் தங்கள் காபரேற்றர்களை ஒருவருக்கொருவர் மாற்றிப் பூட்டி ஓடலாம்.

அன்று விடியப் பிள்ளையார் கோயிலடியில் ஐயர் பொனற்றைத் திறக்கச் சொல்லிக் காபரேற்றரில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவர் தந்த சிவந்த செவ்வரத்தம்பூ மாலையைக் கட்ட நான் இடம் தேடினேன். மெல்லிய கம்பி ஒன்று வசதியாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மாலையை இழுத்தபோது ஏதோ 'டக்' என்றது. பூ நார் என்று நினைத்தேன்.

இருபத்திரண்டு வருடத் திருமண வாழ்வில் பேசாமலிருந்தே பல சிக்கல்களைத் தாண்டியிருக்கிறேன். இதுவும் தானாகத் தாண்டிப்போகும் என்று ஒரு கணம் நம்பினேன். கலா என்னைப் பார்க்கவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.

"ஆர், பரமலிங்கமே கதைச்சது?" என்றார் சந்தியோகு.

"சீல் கம்பியிலை மாலை கட்டினன்."

"காபரேற்றருக்கு மாலையோ!"

"ஓம். கழட்டேக்கை அறுந்திட்டுது. அவவுக்குத் தெரியாது."

வீதியே சிரித்தது. கலாவும் பொத்திய வாய்க்குள் சிரித்தாள். "வீட்டிலையே வாயைத் திறந்திருக்கலாமே, மனுசா!"

சந்தியோகு கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். தேநீர்க்கடைச் சிரிப்பு அவருக்கும் நினைவு வந்திருக்கவேண்டும்.

"மாத்துவம் தங்கச்சி. என்ரை சாமானோடை ஓடு. பிறகு சாமான் ஓடினது எண்டு நானும் சொல்லேலாது."

அவருடைய காபரேற்றரில் சின்ன அந்தோனியார் பதக்கமொன்று நூலில் தொங்கியது. முத்திரைக் கம்பியில் அல்ல, கவனமாகத் தள்ளிக் கட்டியிருந்தார்.

"இவரைக் கழட்டட்டோ?"

"இருக்கட்டும் அண்ணை. பிள்ளையார் உங்களிட்டை வாறார்தானே."

புது முத்திரைகள் குத்தியதும் கொடி விழுந்தது. எட்டுக் கார்களும் ஒரே குரலில் இரைந்தன. சந்தியோகுவின் கார் கடக்கையில் சூடான சந்தனம் மணத்தது. பொனற் இடுக்கிலிருந்து சிவந்த இதழொன்று பறந்து என் காலடியில் விழுந்தது. முதல் வளைவில் அவர் காரும் கலாவின் காரும் பக்கம் பக்கமாகத் திரும்பின. எது முந்தியது என்று பார்க்க எக்கி நின்றபோதுதான் கவனித்தேன், புத்தகத்துக்குள்ளிருந்த விரல் எப்போதோ வெளியே வந்திருந்தது.